தீவுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஏழு நாள்களுக்கு இருபத்திரண்டு நிகழ்ச்சிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி, கடைசியில் “ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லும்மா” என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறாய். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைத் தொலைபேசியில் சொன்னால் வேலைக்கு நடுவே “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுக்கொண்டு அத்தோடு மறந்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவு படுப்பதற்கு முன் நிதானமாகப் படி.

உன் தோழி தன் தந்தையை இழந்து இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை. அவளை வீட்டைவிட்டு வெளியே அழைத்துப் போக வேண்டும், கடலும் காற்றும் உள்ள ஓர் இடத்தில் ஒரு வாரம் அவளோடு இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதை நினைத்து எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஆனால் அந்தப் பட்டியலில் உன் அன்பு தெரிந்த அளவுக்கு உன் பயமும் தெரிந்தது. ஒரு மணி நேரம் சும்மா விட்டால் அவள் அழுதுவிடுவாளோ, அழுதால் என்ன செய்வது என்று தெரியாமல் போய்விடுமோ என்ற பயம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பயத்தோடு இதே போன்ற ஒரு பட்டியலைப் போட்டேன் என்பதால், பார்த்தவுடன் எனக்கு அது புரிந்துவிட்டது.

சித்தியோடு நான் தீவுக்குப் போய் வந்தது உனக்குத் தெரியும். எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது “நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சில புகைப்படங்களைக் காட்டினேன். அங்கே நடந்ததை முழுவதுமாக உன்னிடம் சொன்னதில்லை. சித்தப்பா காலமாகி அப்போது எட்டு மாதம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவள், ஒரு கேள்விக்குப் பத்து வழியில் விடை சொல்லக்கூடியவள், யார் எதைக் கேட்டாலும் “ம்” என்ற ஒற்றை எழுத்தில் நின்றுவிட்டாள். அவளை எப்படியாவது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டு, காலையில் படகு, பிற்பகலில் நீச்சல், மாலையில் மலைமேட்டுக்கு நடை என்று ஒரு நிமிடமும் மிச்சம் இல்லாமல் ஏழு நாள்களையும் நிரப்பினேன்.

முதல் இரண்டு நாளும் அப்படியே நடந்தன. நான் சொன்ன இடத்துக்கெல்லாம் அவள் மறுபேச்சில்லாமல் வந்தாள். நான் காட்டியதையெல்லாம் பார்த்தாள். படகில் அவளுக்குத் தலை சுற்றியபோதுகூட, நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு சமாளித்தாளே தவிர, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று “நேரமாகிறது” என்று இரண்டாம் முறை கூப்பிட்டபோது, அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே ஒரு செருப்பை மாட்டி மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “என்னைக் கொஞ்சம் சும்மா இருக்க விடுகிறாயா? நீ என்னைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, நான் உன்னைப் பார்க்க முடியாதபடி செய்துகொண்டிருக்கிறாய்” என்றாள். குரலை அவள் உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன் என்று நான் சொல்லக்கூடாத இரண்டு மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மகளே, உங்கள் இருவருக்குள்ளும் இப்படி ஒரு காலை வரலாம். ஒரே அறையில் ஒரு வாரம் என்பது, எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும், சாதாரண விஷயமில்லை. வந்தால் பயப்படாதே. அதோடு பயணம் கெட்டுப்போய்விட்டதாகவும் நினைக்காதே. எங்கள் விடுமுறை அன்றைக்குத்தான் தொடங்கியது என்பேன்.

அன்று நான் கரையோரமாக வெகுதூரம் நடந்து போனேன். ஒரு வயதான மீனவர் மணலில் இழுத்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கே எப்போது என்ன பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டேன். கடலைக் காட்டி, இன்று நாலு மணிக்கு நன்றாக வற்றும், அப்போது வாருங்கள், அதற்கு முன்னால் வந்து பயனில்லை என்றார். நாளைக்கு எத்தனை மணிக்கு என்றேன். நாளைக்கு ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது என்றார். மறுநாளைக்கு? ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்னால்.

அறைக்குத் திரும்பி, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், இதை மட்டும் சித்தியிடம் சொன்னேன். அவள் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சிறு வெளிச்சம் வந்தது. “நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. நிலவின் கணக்கு” என்றாள். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சிறிது முன்னேறிவிடுகிறது. ஆகையால் அதே இடம் மறுபடி நிலவுக்கு நேரே வர இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏறத்தாழ 50 நிமிடம் ஆகிறது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் இருப்பது இதனால்தான் என்று, கரும்பலகையின் முன்னால் நிற்பவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும் என்பதும், இடையில் பாதி நிலவு நாள்களில் அந்த வேறுபாடு குறைந்துவிடும் என்பதும் அன்றுதான் எனக்கு மனத்தில் பதிந்தன. காலையில் நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. நாலு மணிக்குச் சேர்ந்து கரைக்குப் போனோம். என் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மீதி நாள்களுக்கு எங்களுக்கு இருந்த ஒரே நிகழ்ச்சி அந்த வற்றம்தான்.

உன் திட்டத்தில் விட்டுப்போனது இதுதான். கடல் நேரம் அதில் எங்கும் இல்லை. தங்கும் இடத்தில் கேட்டாலே ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், கிடைக்கும். கரையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாள் போய் இறங்கியவுடன் அதைக் கேட்டு வைத்துக்கொள்.

நீர் வற்றிய அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஈர மணலும், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரும், கொஞ்சம் பாசியும் மட்டுமே கண்ணில் பட்டன. சித்தி ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் அசையாமல் இருந்த பிறகுதான் எங்கள் முன்னால் கிடந்த சங்குகளில் பாதிக்கு மேல் நடக்கக்கூடியவை என்று தெரிந்தது. சங்கு நண்டு, துறவி நண்டு என்றெல்லாம் சொல்வார்களே, அவை. அவற்றின் பின்னுடல் ஓடில்லாமல் மெத்தென்று இருக்கும். அதனால் செத்துப்போன நத்தைகள் விட்டுச்சென்ற கூட்டுக்குள் பின்னுடலைச் சுருட்டி நுழைத்துக்கொண்டு வாழும். வளர வளரப் பெரிய கூடு வேண்டும்.

அலை ஒதுக்கிய ஒரு பெரிய வெற்றுச் சங்கின் அருகே நடுத்தர அளவிலான நண்டு ஒன்று வந்தது. முன்கால்களால் அதன் வாயைத் தடவி, உள்ளே விட்டு அளந்து, கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டு, நுழையாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கூடு அதற்குப் பெரிது. சிறிது நேரத்தில் இன்னொன்று வந்தது, அதைவிடச் சிறியது. பிறகு மேலும் இரண்டு. அளவு வாரியாக, பெரியதன் பின்னால் சிறியதாக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அவை வரிசை கட்டி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நெடுநேரம் கழித்து ஒரு பெரிய நண்டு மெல்ல வந்து, சங்கைச் சோதித்து, கண்மூடித் திறப்பதற்குள் தன் கூட்டிலிருந்து வழுக்கி வெளியேறி அதற்குள் புகுந்தது. அது விட்ட கூட்டில் வரிசையின் முதல் நண்டு, அது விட்டதில் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது என்று நொடிகளுக்குள் எல்லாம் வீடு மாறிவிட்டன. மணலில் மிகச்சிறிய ஒரு கூடு மட்டும் காலியாகக் கிடந்தது. சித்தி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வேறு யாருக்காவது வேண்டியிருக்கும் என்றாள்.

கிளிஞ்சலும் சங்கும் பொறுக்கி வருவதாக உன் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டேன். வெறும் ஓடு என்று நாம் நினைப்பது இன்னொன்றின் அடுத்த வீடு. தவிர, கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்டாற்போல இருக்கும் சங்குகளில் உயிருள்ள நத்தை இருக்கலாம். அதன் நஞ்சு ஈட்டிபோல் பாயும், சில வகைகள் ஆளையே கொல்லும். உயிருள்ளதா இல்லையா என்று கையில் எடுத்துப் பார்க்காதே. உன் தோழியிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடு.

மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ போகும் தீவும் பவளத்தீவு என்று எழுதியிருந்தாய். அங்கே வெள்ளை வெளேரென்று இருக்கும் மணலில் பெரும் பங்கு பவளமும் ஓடுகளும் நொறுங்கிய சுண்ணாம்புத் துகள். அதை நொறுக்குவதில் அலைக்கு நிகராகக் கிளிமீனும் வேலை செய்கிறது. கிளியின் அலகு போன்ற பற்களால் பாசி படிந்த பவளப் பாறையைக் கடித்து, தொண்டையிலுள்ள அரைவைப் பற்களால் அரைத்து, பாசியைச் செரித்துவிட்டு மீதியை மணலாகக் கழிக்கிறது. ஒரு பெரிய கிளிமீன் ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்கும். இது எனக்கு முன்பே படித்துத் தெரியும். ஆனால் முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீரில் முகம் கவிழ்ந்து மிதந்தபோது, ‘கறுக், கறுக்’ என்று அது கடிக்கும் ஓசை தெளிவாகக் காதில் விழுந்ததே, அதற்கு நான் தயாராக இல்லை. சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் கேட்டது. நீருக்கடியில் பேச முடியாது என்பது எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன்.

முகமூடி வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்துப் பார். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டியிருந்தால் உன் முகத்துக்குச் சரியான அளவு. இருவரும் தனித்தனியாகச் சோதித்து வாங்குங்கள். ஒருத்திக்குப் பொருந்தியது மற்றவளுக்குப் பொருந்தாது. களைப்பாக இருந்தாலும் பவளத்தின்மேல் காலை ஊன்றக் கூடாது. பாறை மாதிரி உருண்டு கிடக்கும் வகைகளில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன. தலையளவு உள்ள ஒன்று உன்னைவிட வயதில் மூத்ததாக இல்லாவிட்டாலும் ஏறக்குறைய உன் வயதுடையதாக இருக்கும்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் விவரமாகச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பிற்பகல், தீவின் திறந்த பக்கத்தில், இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன். இருபுறமும் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல், சற்றே கருத்த நிறத்தில் அமைதியாக இருந்தது. குளிக்க வசதியான இடம் என்று நினைத்து அதை நோக்கி நடந்தேன். அங்கே அலை உடையாததற்குக் காரணம், பவளத்திட்டைத் தாண்டி உள்ளே கொட்டிய நீரெல்லாம் அந்த இடைவெளி வழியாகத் திரும்பக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான். கால் தரையைவிட்டு எழும்பிய அடுத்த நொடியே கரை பின்னால் போகத் தொடங்கியது. கரையை நோக்கி நீந்தினேன். எவ்வளவு கையை வீசினாலும் கரையில் நட்டிருந்த அதே கம்பு அதே தூரத்தில் நின்றது. பிறகு இன்னும் சிறிதானது.

இப்படிப்பட்ட இழுப்பு ஓட்டம் பலமாக இருக்கும்போது நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் போகும். தேர்ந்த நீச்சல் வீரர்கள்கூட அதை எதிர்த்துக் கரைசேர முடியாது. அதை எதிர்த்துத்தான் பலர் களைத்து மூழ்குகிறார்கள். அது யாரையும் கீழே இழுப்பதில்லை. வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான், அதன் அகலமும் பெரும்பாலும் குறைவு. இந்த உண்மைகள் எனக்குத் தெரியும், ஆனால் நினைவுக்கு வரவில்லை. கரையில் இருந்த சித்திதான் நினைவூட்டினாள். அவளுக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். அவள் உள்ளே குதிக்கவில்லை. நேராக என் எதிரே வந்து நின்று, வலது கையை முழுவதுமாகப் பக்கவாட்டில் நீட்டி, மறுபடியும் மறுபடியும் அந்தத் திசையையே காட்டினாள். நான் மல்லாந்து மிதந்து மூச்சை வாங்கிக்கொண்டு, கரைக்கு இணையாக அவள் காட்டிய பக்கம் நீந்தினேன். முப்பது நாற்பது கைவீச்சில் தண்ணீரின் பிடி விட்டுப்போனது தெரிந்தது. அதன் பிறகு உடைந்துவந்த அலைகளே என்னைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தன.

உன்னிடம் நான் ஒரு வாக்குறுதி கேட்பேன். இருவரில் ஒருத்தி நீரில் இருக்கும்போது மற்றவள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் உடன் இருக்க வேண்டும். காவலர் உள்ள கரையிலேயே குளியுங்கள். ஒருத்தி இழுத்துச் செல்லப்பட்டால் மற்றவள் பின்னாலேயே குதிக்கக் கூடாது; காப்பாற்றப் போனவரே மூழ்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. திசையைக் காட்டு, மிதக்கக்கூடிய எதையாவது எறி, ஆளைக் கூப்பிடு. இதைப் பயணத்தின் முதல் மாலையே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. சித்தி போர்வையை என் தோளில் போட்டுவிட்டு, ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல ஒன்பது மணிக்குத் தன் பையிலிருந்து பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துச் சாவி கொடுத்தாள். முதல் நாளிலிருந்தே அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது சித்தப்பாவினுடையது என்று தெரியும். கேட்கவில்லை.

ஆறாம் நாள் வற்றம் ஆறரை மணிக்கு. சூரியன் மறையும் நேரமும் அதற்கு முன்பின்னாக வந்து சேர்ந்தது. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருக்க, ஈர மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தொடுவானம் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் கேட்டதற்குச் சித்தி விரலால் மணலில் கணக்குப் போட்டாள். உட்கார்ந்திருக்கும் நமக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், எழுந்து நின்றால் சுமார் நாலரை. அவ்வளவு பக்கமா என்று வியந்தேன். பிறகு சூரியனின் கீழ் விளிம்பு நீரைத் தொட்டபோது, “உண்மையில் அது ஏற்கெனவே மறைந்துவிட்டது. காற்று ஒளியை வளைத்துத் தருவதால் நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்றாள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் நேராக இறங்குவதால், தொட்டதிலிருந்து முழுவதும் மறைய இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடமும் முடிந்த பிறகு அவள் பேசத் தொடங்கினாள்.

எட்டு மாதமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் தன்னைப் பேச வைக்கப் பார்த்தார்கள், அல்லது மறக்க வைக்கப் பார்த்தார்கள் என்றாள். கடைசி வாரம் மருத்துவமனையில் சித்தப்பா அந்தக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, நின்றுவிடாமல் பார்த்துக்கொள் என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னாள். இருட்டும்வரை பேசினாள். அவர் குறட்டையைப் பற்றி, திருமணமான புதிதில் பணமில்லாமல் இருவரும் சேர்ந்து ஒரே குடையில் போய்வந்ததைப் பற்றி, தான் அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்ட ஒரு சண்டையைப் பற்றி. நான் இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் தானாகவே அழுதாள், தானாகவே நிறுத்தினாள். அந்தப் பகுதிகளில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும்; அரை மணிக்குள் கும்மிருட்டு. கைவிளக்கு எடுத்துப் போகாததால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அறையின் விளக்கைப் பார்த்து நடந்து வந்தோம். நீ கைவிளக்கு எடுத்துக்கொள்.

என் பட்டியலில் இருந்தபடி நடந்திருந்தால், அந்த நேரத்தில் நாங்கள் தீவின் மறுபக்கத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்திருப்போம். அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

அன்றாட ஏற்பாடுகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு ஒரு மணி நேரமாவது இருவரும் தனித்தனியே இருங்கள். எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ, ஏன் என்று கேட்காதே. செலவுக்கு ஒரு பொதுப் பையில் இருவரும் சம அளவு பணம் போட்டு அதிலிருந்தே எடுங்கள், ஒவ்வொரு வேளையும் கணக்குப் பார்க்கும் சங்கடம் இருக்காது. விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை முதல் இரவே பேசிக்கொள். நீ விடியும் முன் எழுந்துவிடுவாய், அவள் அப்படியல்ல என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; காலை வற்றத்துக்கு அவளை எழுப்பாதே, மாலை வற்றம் ஒன்று இருக்கிறது.

வெயில் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும், அலை நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி வீசும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே நிழலில் இருந்தாலும் சுடும். உன் நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரங்களில் உள்ளேயே இருங்கள். முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. சன்ஸ்கிரீன் பூசினால், ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் இல்லாததாகப் பார்த்து வாங்கு. பவளத்துக்குக் கேடு என்று பலாவு தீவு நாடு 2020இலும் ஹவாய் 2021இலும் அது கலந்தவற்றின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தன.

தண்ணீரையும் சிக்கனமாகச் செலவிடு. சிறிய பவளத்தீவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் ஒரு சாண் குறைந்தால், கீழே அதைப்போல நாற்பது மடங்கு உயரத்துக்கு உப்புநீர் ஏறிவிடும் என்பது அதன் கணக்கு. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். நாம் ஏழு நாளில் திரும்பிவிடுவோம். அங்கே இருப்பவர்கள் அதைத்தான் குடிக்க வேண்டும்.

திரும்பும் நாளை மட்டும் நீ மாற்றியே ஆக வேண்டும். காலையில் படகு, மாலையில் விமானம் என்று போட்டிருக்கிறாய். காற்று எழுந்தால் படகை விடமாட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே பெரிய கரைக்கு வந்துவிடுங்கள்.

உன் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினெட்டு வரிகளைப் பென்சிலால் அடித்திருக்கிறேன். உனக்கு மனம் வராவிட்டால் அழித்துக்கொள்ளலாம். நான்கை விட்டுவைத்தேன். மூச்சுக்குழல் போட்டு நீந்தும் ஒரு காலை, படகில் போகும் ஒரு பிற்பகல், கலங்கரை விளக்கம் வரைக்கும் ஒரு நடை, வேலை எதுவும் இல்லாத ஒரு முழு நாள். இந்தக் கடைசி ஒன்றை நீயே எழுதியிருந்தாய், அடைப்புக்குறிக்குள், கேள்விக்குறியோடு. கேள்விக்குறியை மட்டும் நான் எடுத்துவிட்டேன்.

மகளே, நீயும் களைத்திருக்கிறாய். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒரே செய்தியை என்னிடம் இரண்டு முறை சொன்னாய், நான் குறுக்கிடவில்லை. தோழிக்காகப் போகிறேன் என்று சொல்கிறாய், போ. ஆனால் அவள் மணலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு என்ன தேவை என்று யோசித்துக்கொண்டிராமல், நீயும் காலை நீட்டி உட்கார். அவள் பேசினால் கேள். பேசாவிட்டால் கடலைப் பார். அவள் அப்பாவின் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குத் திருப்பிவிடாதே.

சித்தியிடம் நீ போவதைச் சொன்னேன். மகிழ்ந்தாள். நீங்கள் அங்கே இருக்கும் ஏழு நாளுக்கும் வற்ற நேரத்தைத் தன் கையால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். முதல் நாளின் நேரத்தை மட்டும் அங்கே கரையில் யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னாள். பத்து நிமிடம் முன்பின் இருந்தால் தனக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னாள்.

படகில் ஏறுவதற்கு முன் ஒரு வரி எழுதிவிடு. அதன் பிறகு நீ திரும்பும் வரை நான் அழைக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா